கோரா கேட்ட பந்து

ஊர் ஊராகப் போய்க் காசுக்கு ஆடும் பெண்கள் பேஸ்பால் குழு, அன்று அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு சிற்றூரின் ஆண்கள் அணியைத் தோற்கடித்துவிட்டது. தோற்றவர்கள் ஆட்டப் பந்தை வென்றவர்களிடம் கொடுப்பது வழக்கம். ஊர் அணித் தலைவன் எஸ்ரா கொடுக்க மறுத்தான்.

"பந்து வீசினது பொம்பளையே இல்ல. அது தலையில இருக்கறது பொய்முடி!"

பந்து வீசிய கோரா அவன் முன்னால் வந்து தலையைக் குனிந்தாள்.

"இழுத்துப் பாருய்யா."

எஸ்ரா பின்னலைப் பிடித்து இழுத்தான். அவளுக்குக் கண்ணீர்தான் வந்தது, முடி வரவில்லை. கூட்டம் சிரித்தது.

"இருந்தாலும், ஒரு ஆம்பளை துணை இல்லாம நீங்க எங்களை ஜெயிச்சிருக்கவே முடியாது!"

"எங்க டீம்ல ஒரு ஆம்பளை இருக்கறது நெசந்தான்," என்றாள் கோரா.

"வாயை மூடு, கோரா!" என்று அலறினார் மேனேஜர் ஹோபார்ட்.

அவள் நேரே போய், குழுவிலேயே உயரமான மேபலின் கூந்தலைப் பிடித்து இழுத்தாள். அது கையோடு வந்துவிட்டது. வழுக்கைத் தலை வெயிலில் மின்னியது.

"பாத்தீங்களா! நான் சொன்னேன்ல?" என்று குதித்தான் எஸ்ரா.

"இவரு மேனேஜரோட மச்சான். பொம்பளைங்க மட்டும் ஆடினா ஜெயிக்க முடியாதுன்னு சேத்துவிட்டாங்க. உங்களுக்குக் கிடைச்ச ஒரே ரன், இவரு கோட்டை விட்ட பந்துல வந்ததுதான்."

கோரா கையை நீட்டினாள்.

"இப்பக் குடுய்யா பந்தை."