சுவரை அளந்த பூகோளம்

"இன்னும் ஒரு கல்லு மேல வெச்சுப் பாருங்க, சுவரோட சேர்த்து உங்களையும் இடிச்சுடறேன்!"

"என் சுவரு, என் கல்லு, என் சிமெண்டு. உமக்கு எங்கய்யா வலிக்குது?"

"என் இடத்துல நிக்குதே, அங்கதான் வலிக்குது!"

முதலில் கத்தியவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பதிலுக்குக் கத்தியவர் பக்கத்து வீட்டு அச்சகக்காரர். நடுவில் நின்ற சுவருக்குப் பதினோரு வயது. சண்டைக்கும் அதே வயதுதான். அன்றைய விசேஷம் என்னவென்றால், அச்சகக்காரர் மகனுக்குக் கல்யாணத் தேதி பேசப் பெண் வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

பெண், மருந்துக் கடைக்காரரின் மகள். புவியளவியல் என்று என்னவோ படித்திருந்தாள். பூமியின் உருவத்தையும் அது நகர்வதையும் மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிற படிப்பாம். படிப்பின் பெயர் வாயில் நுழையாததால் தெரு அவளுக்குப் 'பூகோளம்' என்று பெயர் வைத்துவிட்டது.

அவள் கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. கடல் தாண்டி ஒரு பல்கலைக்கழகத்தில் நாலு வருட ஆராய்ச்சிக்கு இடம், உதவித்தொகையோடு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுதாவிட்டால் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். அன்று செவ்வாய். இதெல்லாம் இருமல் மருந்து வாங்கப் போனவர்கள் மூலம் தெரு முழுக்கத் தெரிந்த ரகசியம்.

"கல்யாணத்துக்கு அப்புறம் நான் போய்ப் படிக்கலாமா மாமா?" என்று கேட்டாள், சண்டையிலிருந்து மூச்சு வாங்க உள்ளே வந்த அச்சகக்காரரிடம்.

"படிச்சது போதும்மா. பூமி எங்கேயும் ஓடிப் போயிடாது."

"ஓடுது மாமா. வருஷத்துக்கு நாலஞ்சு சென்டிமீட்டர்."

"பெரியவங்க பேசும்போது வாயை மூடு" என்றார் மருந்துக் கடைக்காரர். இந்தச் சம்பந்தம் நழுவினால் இன்னொன்று அமையாது என்பது அவர் கவலை.

அச்சகக்காரருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது.

"ஏம்மா, நீதான் பூமியவே அளக்கறவளாச்சே. இந்தச் சுவரை அளந்து அந்த ஆள் வாயை அடைச்சுடேன்!"

"அது வேற படிப்பு மாமா. நாங்க அளக்கறது கண்டம் நகர்றதை..."

"கண்டத்தையே அளக்கறவளுக்கு என் சுவரு எம்மாத்திரம்?"

"அதெப்படி? வரப்போற மருமக மாமனாருக்கு எதிராவா அளப்பா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அளக்கட்டுமேப்பா, கருவியா பொய் சொல்லப்போகுது?" என்றாள் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த கண்ணாடிக் கடைக்காரரின் மகள். கடைக்கு வருகிறவர்களுக்குக் கண் பரிசோதிப்பவள் அவள்தான். பார்வை கொஞ்சம் கூர்மை.

"நான் கம்பு பிடிக்கறேன்" என்றான் மாப்பிள்ளை. காலையிலிருந்து அவன் வாயைத் திறந்தது அதற்கு மட்டும்தான்.

பெண் வீட்டார் கிளம்புவதற்கு முன் பையனும் பெண்ணும் பத்து நிமிடம் தனியாகப் பேசட்டும் என்று விட்டார்கள். என்ன பேசினார்கள் என்பது ஜன்னலை ஒட்டி நின்றவர்களுக்குக்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவான பேச்சு.

மறுநாள் கல்லூரியிலிருந்து கருவியை இரவல் வாங்கி வந்தாள். தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. முக்காலியில் கருவியை நிறுத்தி அவள் கண் வைத்தாள். அவன் ஆளுயரக் கம்பை மூலைக்கல்லிலும் சுவரோரத்திலும் ஊன்றிப் பிடித்தான். கம்பில் ஒரு சின்னக் குமிழிக் கண்ணாடி. குமிழி நடுவில் நின்றால் கம்பு நேர், ஒதுங்கினால் சாய்வு; கம்பு சாய்ந்தால் அளவும் பிசகும்.

"குமிழி நடுவுல இருக்கா?"

"இருக்கு."

"மாடியைப் பாக்காதீங்க, குமிழியைப் பாருங்க."

"இருக்குங்க, இருக்கு."

குறித்தாள், கூட்டினாள், நிமிர்ந்தாள்.

"மாமா, சுவர் அரையடி அவங்க இடத்துல நிக்குது."

"மறுபடி அள!"

மறுபடி அளந்தாள். மறுபடியும் அரையடி.

"வீட்டுக்குள்ள கால் வெக்கறதுக்கு முன்னாடியே வீட்டைக் காட்டிக் கொடுக்கறவ எனக்கு மருமகளா? சம்பந்தமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!"

மருந்துக் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். தெரு 'உச்' கொட்டியது. ஒரே ஒரு பொய் சொல்லத் தெரியாமல் பிழைக்கத் தெரியாத பெண்ணாக இருக்கிறாளே என்று நாலு நாள் அதே பேச்சு. அவளோ வெள்ளிக்கிழமை பதில் எழுதினாள். அடுத்த மாதம் விமானம் ஏறினாள்.

"சுவரை இடிக்கறீரா, கோர்ட்டுக்கு வர்றீரா?" என்று கண்ணாடிக் கடைக்காரர் குதித்தார். "அரையடிக்காகக் கோர்ட்டாப்பா? சம்பந்தி ஆயிட்டா சுவரே எதுக்கு?" என்று குறுக்கே வந்தாள் அவர் மகள். கோர்ட்டுப் படிக்கட்டை நினைத்துப் பார்த்த அச்சகக்காரர், மகனைக் கொடுப்பதே மேல் என்று இறங்கி வந்தார்.

எதற்கும் அந்த அரையடியைப் பத்திரத்தில் ஏற்றிவிடலாம் என்று சர்க்கார் அளவையாளரைக் கூட்டி வந்தார்கள். சுவர் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறது, ஒரு நூல்கூடப் பிசகவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் அவர். பூகோளம் படித்த லட்சணத்தைச் சொல்லித் தெரு சிரித்தது. பத்திரிகை அடித்தாகிவிட்டது, அதுவும் சொந்த அச்சகத்தில். ஆகவே கல்யாணம் மட்டும் நிற்கவில்லை.

கல்யாணத்தன்று கடல் தாண்டி மணமக்களுக்கு ஒரு சின்னப் பெட்டி வந்தது. வழக்கம்போல் தெருதான் முதலில் பிரித்தது. உள்ளே ஒரு குமிழிக் கண்ணாடி. அதன் மேல் ஒரு துண்டுச் சீட்டு:

"பேசிக்கிட்டபடியே அரையடி சாய்ச்சுப் பிடிச்சதுக்கு நன்றி. இனிமே நேராவே பிடிக்கலாம்."