ஏழாம் நம்பர் டோக்கன்

இந்தச் சம்பவத்தை நான் பல வருடங்களாக நம்பவில்லை. சொன்னவள் என் மனைவி அஜீசாதான்.

2003. தாம்பரம் பக்கம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவள் டெய்லர். அங்கே பாத்ரூம் போக டோக்கன் வேண்டும். இரண்டு மெஷினுக்கு ஒரு டோக்கன். அஜீசாவுக்கும் பக்கத்து மெஷின் ஜெயக்கொடிக்கும் ஏழாம் நம்பர்.

ஒருநாள் சூப்பர்வைசர் யேசுதாசன் கத்தினாராம்.

"காலையிலேர்ந்து ஏழாம் நம்பர் மூணு தடவை போயிருக்கு. ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம்! உள்ளே தூங்கறீங்களா? யாருன்னு சொல்லலேன்னா நாளைக்கு ரெண்டு பேருமே வேலைக்கு வர வேண்டாம்."

ஜெயக்கொடி எழுந்தாள்.

"நான்தான் சார். மூலம்."

"என்னது?"

"மூலம் சார். வெளிக்குப் போனா ரத்தம் சொட்டுது. குந்தினா முள்ளு மேல குந்தினா மாதிரி கீது."

அறுபது மெஷின்களும் நின்றுவிட்டன.

"பொம்பளை பேசற பேச்சா இது?"

"ஆம்பளைக்கு வந்தா மட்டும் கௌரவமான வியாதியா சார்? நாள் பூரா ஸ்டூல்ல குந்த வெச்சிகிறீங்கோ. டோக்கனுக்குப் பயந்து ஒருத்தியும் தண்ணி குடிக்கிறதில்ல. அடக்கி அடக்கி கல்லாயிடுது. முக்கி முக்கி ரத்தக்குழா வீங்கிடுது. அப்புறம் மூலம் வராம மல்லிப்பூவா வரும்?"

யாரோ சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எனக்கும் கீது சார்!"

இன்னொன்று: "எனக்கும்!"

மறுவாரமே டோக்கன் முறையை எடுத்துவிட்டார்களாம்.

அஜீசா இதைச் சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"சீ! சோத்து முன்னாடி பேசற பேச்சா இது? எந்தப் பொம்பளை இதையெல்லாம் வெளியில சொல்லுவா? கதை விடாதே."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

போன மாதம் கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாப்பில் ஜெயக்கொடியைப் பார்த்தேன். மனசில் அரித்துக்கொண்டிருந்ததைத் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அன்னைக்குக் கம்பெனியில... மூலம்னு... நிஜமாவே சொன்னீங்களாம்மா?"

"சொன்னேனே பாய்! மொத்த லைனும் கேட்டிச்சே."

"இப்ப எப்படி இருக்கு?"

"எனக்கா?" சிரித்தாள். "எனக்கு எப்பவுமே வந்ததில்ல பாய். அன்னைக்கு வாய் மட்டும்தான் என்னுது."

பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தேன். அஜீசா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். நானும் ஒரு துணியை எடுத்து மடித்தேன். பிறகு கேட்டேன்.

"பக்கத்து மெஷின்காரிகிட்ட சொன்ன வலியை, பக்கத்துலயே இருந்த என்கிட்ட ஏன் அஜீசா சொல்லல?"