அக்கரையில் விட்ட பூனை

சென்னியப்பனின் கோழிக்குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பழி பக்கத்துத் தோட்டத்து மயிலாத்தாளின் பூனைமேல் விழுந்தது. வெள்ளை உடம்பும் செம்பட்டை வாலும் கொண்ட அந்தப் பூனை வந்த பிறகு அவளுடைய நெல்லை எலி தொட்டதில்லை.

“வாய்க்காலுக்கு அக்கட்டால கொண்டுபோய் உட்டர்றேனுங்க்கா. தண்ணியத் தாண்டிப் பூனை வராது” என்றான் சென்னியப்பன். அந்த ஊரில் பூனையைத் தொலைப்பது அப்படித்தான்.

“கொண்டு போ. அதுவா திரும்பி வந்துட்டா அப்பறம் அதப்பத்தி வாயத் தொறக்கக் கூடாது.”

“வந்துட்டா நானே பால் ஊத்தறேன், போங்க!”

மத்தியான வெயிலில் மாட்டுத்தொட்டிக்குள் கழுத்தளவு தண்ணீரில் அந்தப் பூனை சுகமாகக் கிடப்பதை மயிலாத்தாள் யாரிடமும் சொன்னதில்லை.

அவன் பூனையைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு பாலம் கடந்தான். மயிலாத்தாள் இக்கரையிலேயே நின்றாள். அக்கரையில் அவிழ்த்துவிட்டான். பூனை உடம்பை நக்கிக்கொண்டது. தண்ணீரைப் பார்த்தது. பிறகு, தன் வீட்டுக்குள் நுழைவதுபோல் நிதானமாக இறங்கிற்று.

தலையும் வாலும் மட்டும் வெளியே தெரிந்தன. நடு வாய்க்காலில் இழுப்பு அதிகம். தலை ஒருமுறை உள்ளே போய் வந்தது.

“அக்கா, முழுகீரும்! கொம்பை நீட்டுங்க!” என்று கத்தியது சென்னியப்பன்தான்.

கரையில் மூங்கில் ஒன்று கிடந்தது. அவள் கை அதை நோக்கிப் போனது. கொம்பை நீட்டினால் அது தானாக வந்ததாகாது; கையை மடக்கிக்கொண்டாள்.

“நீ போய்ப் பாலக் காய்ச்சு” என்று அக்கரைக்குக் குரல் கொடுத்துவிட்டு, தண்ணீருக்கு முதுகைக் காட்டி, நெல் கிடங்கின் கதவைத் திறந்துவைக்கப் போனாள்.