வாய்க்குள் சந்தனம்

"இதுக்குள்ள சந்தனம் எப்படிம்மா போச்சு?"

ஆம்ப்ரோஸ் அந்த ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்துக் கேட்டதும் லாவண்யாவின் முகம் சுண்டிப்போனது.

கடலுக்கடியில் மூச்சுவிட உதவும் கருவி அது. இரண்டு பக்கமும் தும்பிக்கை மாதிரி ரப்பர் குழாய் வைத்த, அறுபது வருஷப் பழசு. எத்தனையோ புதுசு வந்தும் அவள் கணவன் ஹரிஷ்குமாருக்கு இதன் மேல்தான் பைத்தியம். புதுசில் மூச்சுவிட்டால் குமிழி முகத்துக்கு முன்னால் கொப்பளிக்குமாம். இதில் முதுகுக்குப் பின்னால் போய்விடுமாம். மீன்கள் மிரளாமல் கண்ணெதிரே வந்து நிற்குமாம். கல்யாணமான புதிதில் அவன் சொல்லச் சொல்ல வாய் பிளந்து கேட்டவள்தான் அவளும். ஆனால், வரும் ஞாயிற்றுக்கிழமை நேத்ராணித் தீவில் இதை மாட்டிக்கொண்டுதான் குதிப்பேன் என்று அவன் சொன்னபோது, நடுக்கடலில் இந்தப் பழசு காலை வாரிவிட்டால் என்று பயந்தாள். புதுசை மாட்டிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினாள். சிரித்தான்.

ஆயுத பூஜையன்று ஸ்கூட்டர், லேப்டாப், மிக்ஸி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். யாரும் பார்க்காத நேரத்தில் லாவண்யா, கரைத்த சந்தனத்தை ஒரு கரண்டி இதன் வாய்க்குள் ஊற்றிவிட்டாள்.

மூச்சு முட்டுகிறது என்று ஹரிஷ் அதைப் பழுதுபார்க்க அவளிடமே கொடுத்தனுப்பினான். அவனுக்குக் கடலில் மூழ்கக் கற்றுக்கொடுத்த ஆம்ப்ரோஸின் வீடு ஆஸ்டின் டவுனில்தான் இருந்தது.

"என் மாமியார் சார்..." லாவண்யா இழுத்தாள். "பூஜைக்குப் பொட்டு வெச்சாங்க. உள்ளே போயிருக்கும்."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். துணைக்கு வந்து ஆட்டோவிலேயே இருப்பதாக அவள் நினைத்த மாமியார் மங்களம் வாசலில் நின்றிருந்தாள்.

லாவண்யாவுக்குக் காது மடல்வரை சுட்டது.

"ஆமாம்ப்பா, நான்தான்" என்றாள் மங்களம் நிதானமாக. "கண்ணு முன்ன மாதிரி இல்ல."

"சந்தனம் பெரிய விஷயமில்லீங்க, கழுவிடலாம்" என்றார் ஆம்ப்ரோஸ். "உள்ளே இருக்கிற வால்வு ரப்பரைக் காணோம். பழசாகி எங்கயோ விழுந்திருக்கும். இது கிடைக்க மாசக்கணக்காகும். ஞாயித்துக்கிழமை ஹரிஷ் புதுசைத்தான் மாட்டிக்கணும்."

கேட்க ஆசைப்பட்ட செய்திதான். ஆனால் லாவண்யாவால் தலைநிமிர முடியவில்லை.

ஆட்டோவில் ஏறியதும் மங்களம், "ஆடுகோடிகே ஹோகப்பா" என்று கன்னடத்தில் டிரைவருக்கு வீட்டுக்கு வழி சொல்லிவிட்டுச் சாலையைப் பார்த்தாள்.

"அத்தை, சந்தனம் ஊத்தினது நான்தான்." லாவண்யா அவள் பக்கம் திரும்பினாள். "அவர் அதை மாட்டிட்டுக் கடல்ல இறங்கிடுவாரோன்னு பயம். உங்க மேல பழியைப் போட்டுட்டேன். நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

மங்களம் கைப்பையைத் திறந்தாள். காசு அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பரை எடுத்து மருமகளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"சந்தனம் கழுவினா போயிடும்டி. குக்கர் வால்வு மாதிரி கழட்டி எடுத்துடணும்."