அரண்மனைக் கதவு

"அத்தான், டி.வி.யைப் போட்டாச்சு, ஒயரையும் சொருகியாச்சு. இன்னும் என்ன? சென்சார் சர்ட்டிஃபிகேட் வரணுமா?" என்றான் மைத்துனன்.

சூப்பர்வைசர் புதுக் கேமராவை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தார்.

"அது வந்து மாப்ள, இது சாதாரண வீடியோ இல்ல. ஹை டெஃபனிஷன். எடுத்ததும் போட்டுட முடியாது. கன்வெர்ட் பண்ணணும்."

"வாங்கிட்டு வந்த அன்னிக்கு ஒயரைச் சொருகினா போதும், படம் கொட்டும்னு சொன்னீங்க?" என்றாள் மனைவி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே. "இப்ப என்ன, கேமரா பேச்சு மாறுதா, நீங்க மாறுறீங்களா?"

அந்தக் கேமராவை வாங்குவதற்குள் கடைக்காரரை அவர் ஒரு வழி பண்ணியிருந்தார். எடுத்து வைத்த பெட்டியையெல்லாம், "இதைவிடத் தெளிவா இல்லையா?" என்று தள்ளிவிட்டார். கடைசியில், "சார், இதுல மேடையில நிக்கிறவங்களோட கண்ணிமை முடியை எண்ணலாம்" என்று கடைக்காரர் அலுத்துப்போய்ச் சொன்ன பிறகுதான் சூப்பர்வைசரின் முகம் மலர்ந்தது.

எல்லாம் மகளின் பள்ளி நாடகத்துக்காக. "முக்கியமான வேஷம். அவ இல்லாம ராணியே உள்ள வர முடியாது" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை. மகளின் வேஷம் அரண்மனைக் கதவு.

அதிலும் பாதிக் கதவு. வலது பக்கத்துப் பாதி. உடம்பில் அட்டையைக் கட்டிக்கொண்டு நின்று, ராணி வரும்போது "கிர்ர்ர்" என்று வாயால் சத்தம் கொடுத்துத் திறக்க வேண்டும். வீட்டில் மகள் அதைப் பழகிய சத்தத்தில், மனைவி குளியலறைக் கதவுக்கு இரண்டு தடவை எண்ணெய் விட்டுவிட்டாள்.

நாடகத்தன்று அரங்கில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ஆபீஸ் மேனேஜர்.

"இதுல உங்க பொண்ணு யாரு?"

கதவு என்று சொல்ல வாய் வரவில்லை. விரல் தானாக நீண்டது.

"அதோ சார், ராணி. என் பொண்ணு."

பொய்யைச் சொன்னால் போதுமா, அதற்குக் காவலும் இருக்க வேண்டாமா? மேனேஜர் வேறு கேமராவின் சின்னத் திரையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ராணி நடந்தால் கேமராவும் நடந்தது. ராணி கண்ணைக் கசக்கினால் ஜூம். கதவு எப்போது திறந்தது, எப்போது மூடியது என்பதை, கதவைப் பெற்றவர் பார்க்கவே இல்லை.

இன்று காலை தனியாகப் போட்டுப் பார்த்தார். கடைக்காரர் வாக்குத் தவறவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, இமை முடிவரை தெளிவு. அதைவிடத் தெளிவாக அவருடைய குரல்: 'அதோ சார், ராணி. என் பொண்ணு.'

அழித்தால் காட்ட ஒன்றும் இருக்காது. அழிக்காவிட்டால் காட்ட முடியாது. ஆப்பசைத்த குரங்காய் அவர் உட்கார்ந்திருந்தார்.

"குடுங்க அத்தான், நானே போடறேன். இதெல்லாம் எனக்கு அத்துப்படி." மைத்துனன் ஒரு பக்கம் இழுத்தான். சூப்பர்வைசர் மறுபக்கம் இழுத்தார்.

"கெட்டுடும்டா! விடு!"

"விடுங்க மாமா. போட வேண்டாம்."

அறை வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் நல்லாவே நடிக்கலை. எனக்குப் பாக்கவே பிடிக்கலை. யாரும் பாக்க வேண்டாம், ப்ளீஸ்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மைத்துனன் கையை எடுத்துக்கொண்டான். மனைவி டி.வி.யை அணைத்தாள்.

தப்பித்தோம் என்று சூப்பர்வைசரால் மூச்சுவிட முடியவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தான் பண்ணிய அசிங்கத்துக்கு, தெரிந்தோ தெரியாமலோ, குழந்தை பழியை ஏற்றுக்கொண்டு போகிறாள். கேமராவை அப்படியே சோபாவில் போட்டுவிட்டு அவள் பின்னால் போனார்.

கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் ஓரமாக உட்கார்ந்தார்.

"கண்ணு, நீ நல்லா நடிச்சியா இல்லையான்னு அப்பாவுக்குத் தெரியாதும்மா. நான் உன்னைப் பாக்கலை. எடுக்கவும் இல்லை. மேனேஜர் கேட்டாரு. அந்த ராணிதான் என் பொண்ணுன்னு சொல்லிட்டேன். முழுக்க அவளைத்தான் எடுத்துவச்சிருக்கேன்."

மகள் வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

"நெஜமாவா? ஒரு தடவைகூட என் பக்கம் திருப்பலையா?"

"இல்லம்மா." தலை தானாகக் குனிந்தது. அழட்டும், திட்டட்டும், எதுவானாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தார்.

"அப்பாடா!" என்றாள் மகள். "எல்லாம் அவ்வளவு துல்லியமாத் தெரியும்னு சொன்னீங்களா, நான் கைகாட்டினதும் அதுல விழுந்திருக்குமோன்னு செத்துப் பொழைச்சேன்."

"என்னத்தைக் கைகாட்டினே?"

"நடுநடுவுல எழுந்து, 'தலையைக் குனிங்க, தலையைக் குனிங்க, கேமரா ஓடுது'ன்னு முன்வரிசையைப் பாத்துக் கத்தினீங்கல்ல? அப்ப இடது கதவு சிரிச்சுக்கிட்டே, 'யாரோட அப்பாடி அந்த ஆளு?'ன்னு கேட்டா..." மகள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ராணியோட அப்பான்னு கைகாட்டிட்டேன்ப்பா. நீங்களும் அவளையே எடுத்தீங்களா, எல்லாரும் நம்பிட்டாங்க."