சிவப்புக்குப் பொட்டு இல்லை

ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு போய் ஒவ்வொரு மெஷினுக்கும் பொட்டு வைப்பது ஃபிட்டர் சங்கிலிமுத்துதான். எது பழுதாகும் என்று கணிக்கும் ஆலையின் கணினி மாடல் எதைச் சிவப்பாகக் காட்டுகிறதோ, அதை அந்த மாதமே கழித்துவிடுவார்கள். அதற்குப் பொட்டு கிடையாது. மூன்றாம் பம்பை அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டினார்.

இந்த வருடம் ஆட்களையும் அந்த மாடலுக்குள் சேர்த்துவிட்டதால் அவர்களும் வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. கேண்டீனில் வேலை பார்க்கும் அவர் மனைவி பவளக்கொடி நெற்றியை நீட்டினாள். இன்ஜினியர் கையிலிருந்த டேப்லெட்டின் திரை சிவந்தது.

அவர் விரல் அந்தரத்தில் நின்றது.

"என்னங்க, வைங்க."

"உன் மணிக்கட்டு வலிய நான்தான் போன வாரம் இதுல போட்டுவிட்டேன். மருந்து குடுப்பாங்கன்னு..."

"பழுதுன்னு எடுத்துக்கிச்சாக்கும்," என்றாள்.

"வரிசை நிக்குது, முத்து," என்றார் இன்ஜினியர்.

அவளுக்குப் பின்னால் இருந்த புது டீ மெஷினுக்குப் பச்சை விழுந்தது. அதற்கு வைத்தார்.

சிவப்பானதைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விடுவதும் ஃபிட்டர் வேலைதான். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"அந்தக் கை இல்லைங்க," என்றாள், "வலிக்குது."