கம்பியைப் பிடித்த கை

என் மனைவிக்கு நான் தரவேண்டியது முந்நூற்று நாற்பது ரூபாய். அவள் சேமிப்பிலிருந்து எடுத்துத்தான் இந்தப் பழைய ரேடியோவை வாங்கினேன். கடல் தாண்டிய நிலையம் ஒன்றை இன்றைக்குள் பிடித்துக் காட்டாவிட்டால் பெட்டியை விற்றுப் பணத்தைத் திருப்பி வைக்க வேண்டும் என்பது பேச்சு. விடிகிற வெளிச்சம் முற்றத்து ஈரத்தில் மினுங்குகிறது. ரேடியோவின் ஏரியல் வயரைத் துணி காயப்போடும் கம்பியில் மாட்டிவிட்டு, மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரலால் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்புகிறேன். வெறும் இரைச்சல். "உங்க வெளிநாட்டுல மழை போல" என்றபடி அவள் என் சட்டையைப் பிழிந்து கம்பியில் போடுகிறாள். அவள் கை கம்பியில் பட்டதும் இரைச்சல் விலகி, ஒரு பெண் புரியாத மொழியில் பேசுகிறாள். கையை எடுத்ததும் குரல் போய்விடுகிறது. "பிடிச்சுக்கோ தாயே, விட்டுடாதே." மறுபடி பிடிக்கிறாள். குரல் திரும்பி வருகிறது, எதற்கோ சிரிக்கிறது. சட்டையிலிருந்து சொட்டும் நீர் அவள் முழங்கை வழியாக இறங்கி இடுப்பை நனைக்கிறது, அவள் அசையவில்லை. "என்ன சொல்றா அவ?" "யாருக்குத் தெரியும்?" "நல்லாத்தான் சிரிக்கிறா." கிடங்கில் வேலைக்குச் சங்கு ஊதுகிறது. "நீங்க கிளம்புங்க" என்கிறாள், கம்பியிலிருந்து கையை எடுக்காமல். "அந்தப் பணம் கழிஞ்சுது. பெட்டியை அணைக்காம போங்க."